மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு பார்த்த பிசியோதெரபி: 26 சிட்டிங்குக்கும் கிளெய்ம் மறுப்பு. என் ரசீதில் என்ன குறை?

செங்கோட்டை பிசியோ:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையில் புளியரை போகிற ரோட்டில் 11 வருஷமாகச் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். இரண்டு கட்டில், வலி குறைக்க லேசாக மின்சாரம் கொடுக்கும் ஒரு ஐ.எஃப்.டி மிஷின், ஒரு அல்ட்ராசவுண்ட், நடை பழகச் சுவரோரம் ஒரு கம்பி. அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப்பேர் மலைக்கு அந்தப் பக்கம்: ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. புனலூரிலிருந்தும் சிலர் வருவார்கள். ரப்பர் வெட்டுகிறவர்கள், எஸ்டேட் லைனில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரில் இருந்த ஊர்தான். எல்லை எங்கள் பேச்சையும் போக்குவரத்தையும் நிறுத்தியதில்லை. காகிதம் என்று வரும்போதுதான் எனக்குக் கை ஓடுவதில்லை.

விஷயம் இதுதான். ஆரியங்காவில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியம்மா, 63 வயது. கொல்லத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது முட்டிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தார்கள். ஜூன் 6-ல் டிஸ்சார்ஜ். மகன் எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறார், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து அவர் எடுத்த ஃப்ளோட்டர் பாலிசியில் அம்மாவும் உண்டு. ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸில் முடிந்துவிட்டது. ஜூன் 10-ல் என்னிடம் வந்தார். அன்று முட்டி 55 டிகிரிதான் மடங்கியது.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. கட்டிலில் உட்கார வைத்து, குதிகாலுக்கு அடியில் காய்ந்த பாக்கு மட்டையைப் போட்டுவிடுவேன். வழவழப்பான பக்கம் பலகைமேல் இருக்கும். மட்டையோடு குதிகாலைப் பின்னால் இழுக்கச் சொல்வேன். துணி விரிப்பில் இழுத்தால் உராயும், பயத்தில் தொடையை இறுக்கிக்கொள்வார்கள். மட்டையில் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டாவது வாரமே அவர் மட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து செய்ய. அவர் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 14 படி ஏற வேண்டும். அந்த 14 படிதான் எங்கள் இலக்கு.

மொத்தம் 26 சிட்டிங், ஒன்றுக்கு 400 ரூபாய், ஆக 10,400. கடைசி சிட்டிங் ஆகஸ்ட் 14. மகன் கேட்டார் என்று லெட்டர் பேடில் "பிசியோதெரபி சிகிச்சைக்கு 10,400 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு அவர் ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டார். மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம். மருத்துவர் பரிந்துரை இல்லை, தேதிவாரி விவரம் இல்லை, கையெழுத்திட்டவர் "மெடிக்கல் பிராக்டிஷனர்" இல்லை, அப்புறம் "ரீஹாபிலிட்டேஷன் பாலிசியில் விலக்கு". கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

அந்தக் குடும்பத்துக்கு 10,400 சின்னத் தொகை இல்லை. என் சீல் போட்ட காகிதத்தால் அது போய்விட்டது என்பதில் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. இனி இதைச் சரிசெய்ய வழி உண்டா? நோயாளி கேரளம், ஆஸ்பத்திரி கேரளம், கிளினிக் தமிழ்நாடு என்பதால் எதுவும் சிக்கலா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: பில்லில் ஜி.எஸ்.டி போடாததும் குறையா என்று மகன் கேட்கிறார். முட்டி பெல்ட், கழுத்துப் பட்டை சிலவற்றை நானே வாங்கி வைத்து விற்கிறேன், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை கிளெய்ம் டெஸ்க்:

மேடம், நான் ஆறு வருஷம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்கில் உட்கார்ந்தவன். இந்தக் கடிதத்தை வரிக்கு வரி பார்த்தால் சரி எது, தப்பு எது என்று பிரிக்கலாம். தப்பிலிருந்து தொடங்குகிறேன்.

"ரீஹாபிலிட்டேஷன் விலக்கு" என்பதை இந்த இடத்தில் போட்டது தப்பு. எல்லா பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்கும் விலக்குகளில் எண் 05 அது: ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்பு. ஆனால் அந்த வாசகத்தை முழுக்கப் படியுங்கள். சிகிச்சைக்காக இல்லாமல், படுத்து ஓய்வெடுப்பதற்காகவே ஒருவரை அட்மிட் செய்தால் அந்தச் செலவு கிடையாது என்கிறது. உங்கள் பெரியம்மா எங்கும் அட்மிட் ஆகவில்லை. ஆபரேஷன் ஆனவர், பஸ் ஏறி வந்து பயிற்சி செய்துவிட்டுப் போனார். தலைப்பில் அந்தச் சொல் இருப்பதால் டெஸ்கில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுகிறார்கள். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தச் செலவு வரவேண்டிய தலைப்பு "போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்", அதாவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. எந்த நோய்க்காக அட்மிட் ஆனாரோ அதே நோய்க்கான செலவாக இருக்க வேண்டும், உள்நோயாளி கிளெய்ம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்குச் சரியாக இருக்கிறது. எத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆரோக்ய சஞ்சீவனி மாதிரியான பாலிசியில் 60 நாள், சிலவற்றில் அதற்கும் மேல். 60 என்று வைத்தால் டிஸ்சார்ஜ் ஜூன் 6, கணக்கு ஆகஸ்ட் 5-ல் முடிகிறது. அதற்குப் பிறகு எத்தனை சிட்டிங் என்று உங்கள் நோட்டில் பாருங்கள். அந்தப் பணம் வராது என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி அவர்கள் பக்கம் சரியானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த சொல் விளக்கத்தில் "மெடிக்கல் பிராக்டிஷனர்" என்றால் மருத்துவக் கவுன்சிலிலோ, இந்திய மருத்துவம், ஹோமியோபதி கவுன்சிலிலோ பதிவு பெற்றவர். பிசியோதெரபிஸ்ட் அதற்குள் வரமாட்டார். அதனால் நீங்கள் செய்த சிகிச்சை செல்லாது என்று அர்த்தம் இல்லை. சிகிச்சை வேண்டும் என்று சொல்கிற கையெழுத்து டாக்டருடையதாக இருக்க வேண்டும். உங்கள் கையெழுத்து, செய்து முடித்தேன் என்பதற்கு. ஒரே தாளில் இரண்டையும் உங்கள் சீலே செய்ய முடியாது.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, டயட்டுக்கும் டிரெஸ்ஸிங்குக்கும் நடுவில், பிசியோ பற்றி ஒரு வரி இருக்கும். மூட்டு மாற்று ஆபரேஷனில் அந்த வரி இல்லாத சம்மரி நான் அதிகம் பார்த்ததில்லை. இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள், ஆனால் பழைய தேதி போட்டு வாங்காதீர்கள். இன்றைய தேதியிலேயே "இன்ன நாள் முதல் பிசியோதெரபி பரிந்துரைத்திருந்தேன்" என்று எழுதட்டும். முன் தேதியிட்ட தாள் பிடிபட்டால் முழு கிளெய்மும் மோசடிப் பக்கம் போய்விடும்.

மாநில எல்லை இதில் பிரச்சினையே இல்லை. இந்தியாவுக்குள் எங்கே பார்த்தாலும் சரிதான். கிளினிக் உண்மையில் இருக்கிறதா என்று போன் வரலாம், எடுத்துப் பேசுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதச் சொல்லுங்கள். 2024 மே 29 மாஸ்டர் சர்க்குலர்படி, ரிவ்யூ கமிட்டி பார்க்காமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது, எந்த ஷரத்தின்படி மறுத்தோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். இரண்டையும் கடிதத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஓம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். நோயாளியும் மகனும் இருப்பது கேரளத்தில், ஆக கொச்சி அலுவலகம். தமிழ்நாட்டு முகவரி என்றால் சென்னை. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கடையநல்லூர் மகன்:

கேள்விக்குப் பதில் இல்லை, மன்னிக்கவும். படித்ததும் எழுதத் தோன்றியது. அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பணம் கட்டினார்கள், பிசியோவுக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. ஒன்பதாவது சிட்டிங்கோடு நிறுத்திவிட்டோம். நடக்கிறார். ஆனால் வலது கையால் இன்னும் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. தினமும் காலையில் நான்தான் போட்டுவிடுகிறேன். இந்த 60 நாள் விஷயம் அன்றைக்கே தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டோம்.

தென்காசி வரி ஆலோசகர்:

ஜி.எஸ்.டி பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன் மேடம்.

சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி கிடையாது. 2017 ஜூன் 28-ல் வந்த 12/2017 அறிவிக்கையில் வரிசை எண் 74: கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட், மருத்துவர், பாரா மெடிக்கல் பணியாளர் தரும் சுகாதார சேவைக்கு விலக்கு. அதனால் உங்கள் ரசீதில் வரி போடாததுதான் சரி. யாராவது கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: நோய், காயம், ஊனம் ஆகியவற்றுக்கான சிகிச்சைக்குத்தான் இந்த விலக்கு. சில கிளினிக்குகளில் உடம்பு இளைக்க, அழகுக்கு என்று தனி பேக்கேஜ் நடத்துகிறார்கள். அது இதில் வராது.

பெல்ட் விற்பனைதான் யோசிக்க வேண்டியது. வரிவிலக்குள்ள சேவை மட்டும் செய்கிறவருக்குப் பதிவே தேவையில்லை, எவ்வளவு வருமானம் வந்தாலும். ஆனால் வரியுள்ள பொருள் ஒன்றை விற்க ஆரம்பித்ததும் கணக்கு மாறும். மொத்த விற்றுமுதலைப் பார்க்கும்போது விலக்குள்ள சிகிச்சை வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பெல்ட்டில் வருஷத்துக்கு 40,000 ரூபாய்தான் வந்தது என்று இருந்துவிட முடியாது. சேவையும் பொருளும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். இரண்டு கட்டில் கிளினிக்கில் தாண்டுவது கஷ்டம் என்றாலும் பெல்ட்டுக்குத் தனி ரசீது புக் வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்முக்கும் அதுதான் நல்லது, ஒரே பில்லில் பெல்ட்டும் சிட்டிங்கும் கலந்திருந்தால் மொத்தத்தையும் நிறுத்திவைக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

களியக்காவிளை பிசியோ:

அக்கா, நானும் எல்லையில்தான் இருக்கிறேன், தென்கோடியில். கிளெய்ம் டெஸ்க் அண்ணாச்சி சொன்ன வழியெல்லாம் சரி. ஆனால் அந்த "மெடிக்கல் பிராக்டிஷனர்" விளக்கத்தை அவர் சொன்ன மாதிரி அமைதியாக ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

2021-ல் நாடாளுமன்றம் அலைடு அண்ட் ஹெல்த்கேர் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மூன்று முதல் ஆறு வருஷம், குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் வாங்கியவர் "ஹெல்த்கேர் புரொஃபஷனல்". அந்தப் பட்டியலில் பிசியோதெரபி பெயர் சொல்லியே இருக்கிறது. ஒரு சட்டம் எங்களைச் சிகிச்சை அளிப்பவர் என்கிறது, காப்பீட்டுக் காகிதத்தில் அந்தப் பெயருக்கு இடமே இல்லை. 2025 செப்டம்பர் 9-ல் பிசியோக்கள் "டாக்டர்" போடக் கூடாது என்று சுகாதாரத் தலைமை இயக்குநரகம் கடிதம் விட்டு, மறுநாளே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். நாம் எல்லோரும் அந்த இரண்டெழுத்துக்காக வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். ஒரு நோயாளியின் சிட்டிங்குக்குப் பணம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிற விளக்கத்தைப் பற்றி அந்தக் குரூப்பில் ஒருவர்கூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னொன்று. டாக்டர் சீட்டு வாங்குவது சுலபமாகத் தெரியும். ஆரியங்காவிலிருந்து கொல்லம் போய், டோக்கன் போட்டு, கன்சல்டேஷன் கட்டி, கூட வந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போய், ஒரு சீட்டு வாங்க ஆயிரத்துக்கு மேல் ஆகும். 400 ரூபாய் சிட்டிங்குக்கு இது நியாயமா?

உங்கள் ரேட்டை எழுதி ஒட்டிவிடுங்கள் அக்கா. கேரளத்தில் 2018 கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் சட்டம் வந்ததிலிருந்து கட்டணத்தை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் போர்டைத் தேடிப் பார்த்துப் பழகிவிட்டார்கள். நான் மூன்று மொழியில் வைத்திருக்கிறேன். "400 ரூபாய் என்று எப்படி முடிவு செய்தீர்கள்" என்று ஒரு டி.பி.ஏ-வில் (கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கும் இடை நிறுவனம்) கேட்டபோது போர்டை போட்டோ எடுத்து அனுப்பினேன், பேச்சு அங்கேயே முடிந்தது. நம் பக்கம் கிளினிக் பதிவுச் சான்று எண்ணையும் ரசீதில் அச்சடித்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை கிளெய்ம் டெஸ்க்:

தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அமைதியாகச் சொன்னேனே தவிர, அது நியாயம் என்று சொல்லவில்லை. விளக்கம் மாறும்வரை அந்தப் பெரியம்மாவுக்குப் பணம் வர வேண்டுமே என்பதுதான் என் கவலை.

அலைச்சலுக்கு ஒரு வழி: 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி டாக்டர் வீடியோவில் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்பலாம். பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து இருக்க வேண்டும். எங்கள் டெஸ்கில் அப்படி வந்த தாள்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன. பழக்கமான டாக்டர் என்றால் கேட்டுப் பாருங்கள்.

செங்கோட்டை பிசியோ:

அண்ணாச்சி, தம்பி, ஆடிட்டர் சார், எல்லோருக்கும் நன்றி. நேற்று பெரியம்மாவை எல்லாக் காகிதத்தையும் எடுத்து வரச் சொன்னேன். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, புனலூர் – தென்காசி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சம்மரியின் கடைசிப் பக்கம் எட்டாக மடிக்கப்பட்டு, மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் படித்தேன். இருக்கிறது. "பிசியோதெரபி 6 வாரம் தொடரவும்." அதன்படி ஜூலை 18 வரை ஆயிற்று. மீதிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே கவரைத் துழாவினால் ஓ.பி சீட்டு ஒன்று, ஜூலை 14 தேதியிட்டது. ரிவ்யூவுக்குப் போயிருக்கிறார். முட்டி 95 டிகிரி மடங்குகிறது, பிசியோ தொடரவும் என்று ஆபரேஷன் செய்த டாக்டரே எழுதி, பதிவு எண்ணோடு சீல் வைத்திருக்கிறார். இரண்டு தாளும் முதல் நாளிலிருந்து அவரிடம்தான் இருந்திருக்கின்றன. 26 நாள் என் கட்டிலில் உட்கார்ந்தவரிடம் ஒரு நாள்கூட "சம்மரியைக் காட்டுங்க" என்று நான் கேட்கவில்லை. முட்டியைப் பார்த்தேன், காகிதத்தைப் பார்க்கவில்லை.

என் வருகை நோட்டில் ஒவ்வொரு நாளும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது என் பழைய பழக்கம். அதை வைத்துத் தேதிவாரி ஸ்டேட்மென்ட் தயார் செய்தேன்: தேதி, என்ன சிகிச்சை, அன்றைக்கு முட்டி எத்தனை டிகிரி, 400 ரூபாய். ஆகஸ்ட் 5 வரை 23 சிட்டிங், 9,200 ரூபாய். அதற்குப் பிறகு மூன்று, 1,200. மகனிடம் போனில் சொல்லிவிட்டேன், 1,200-க்கு அவர் ஒன்றும் வருத்தப்படவில்லை. கம்பெனிக்கான கடிதத்தில் விலக்கு எண் 05 பற்றி அண்ணாச்சி எழுதியதை அப்படியே என் வார்த்தையில் போட்டிருக்கிறேன், ரிவ்யூ கமிட்டி கேள்வியும் சேர்த்து. திங்கட்கிழமை மகன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறார்.

இனி புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சம்மரி கேட்டு மொபைலில் படம் எடுத்து வைக்கப்போகிறேன். 60 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று நோட்டின் முதல் வரியில் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். பெல்ட்டுக்குத் தனி ரசீது புக் நேற்றே அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. போர்டு தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கடையநல்லூர் தம்பி, உங்கள் பதிவைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் ஊர் தமிழ்நாடு என்பதால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிற திட்டம், காசு கிடையாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆரியங்காவு ஆட்களுக்கு நான் இதைச் சொல்ல முடியாது, உங்களுக்குச் சொல்ல முடியும். அது ஆகிறவரை என்னிடம் கூட்டி வாருங்கள், பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. வரும்போது பெரிய பித்தான் வைத்த சட்டை ஒன்று இருந்தால் போட்டுக் கூட்டி வாருங்கள். மேல் பித்தானிலிருந்து தொடங்க வேண்டாம், வயிற்றுக்கு நேராக இருக்கிற பித்தானிலிருந்து தொடங்குவோம், அது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.